ரொறன்ரோ கலைக்கூடத்தில் எங்கள் படங்களுக்கு இடம் உண்டா?

2019 ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் 27 பேர் சேர்ந்து 300,000 டொலர் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்நகரில் வாழும் கறுப்பின, கரிபியன் சமூகத்தவர்கள். அந்தப் பணத்தைக் கொண்டு டண்டாஸ் வீதியில் உள்ள ஒன்ராறியோ கலைக்கூடம், நியூயோர்க்கைச் சேர்ந்த பற்றிக் மொன்ற்கோமரி என்ற சேகரிப்பாளரிடம் இருந்து சுமார் 3,500 பழைய ஒளிப்படங்களை வாங்கியது. 1840 முதல் 1940 வரையான காலத்தில் ஜமெய்க்கா, பார்படோஸ், ரினிடாட் போன்ற தீவுகளில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. அடுத்த ஆண்டே கலைக்கூடத்தில் ஆபிரிக்க மற்றும் ஆபிரிக்கப் புலம்பெயர் கலைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. ஜூலி குரூக்ஸ் அதன் பொறுப்பாளர் ஆனார். 2021 செப்ரெம்பரில் அந்தப் படங்களில் 200 க்கு மேற்பட்டவை, இன்றைய கரிபியன் வழிவந்த கலைஞர்களின் படைப்புகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்காட்சியின் தலைப்பு, கவிஞர் டெரெக் வோல்கொட் 1992 இல் ஆற்றிய நோபல் பரிசு உரையிலிருந்து எடுக்கப்பட்டது.

கணக்காளனின் புத்தி சும்மா இருக்காது. 300,000 ஐ 3,500 ஆல் பிரித்தால் ஒரு படத்துக்கு 86 டொலர் வருகிறது. 27 ஆல் பிரித்தால் ஆளுக்குச் சராசரியாக 11,000 டொலருக்குச் சற்று மேல். பதிவு செய்யப்பட்ட அறநிறுவனத்துக்குக் கொடுத்த பணம் என்பதால், ஒன்ராறியோவில் வசிக்கும் ஒருவருக்கு முதல் 200 டொலருக்கு மேற்பட்ட தொகையில் ஏறத்தாழ 40 வீதம் வரியில் குறையும். ஆக, கையை விட்டுப் போனது ஆளுக்கு 6,700 டொலர் மட்டில். ஸ்காபரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்கு மண்டபம், மேடை அலங்காரம், சாப்பாடு, வீடியோ என்று போகிற காசு இதைவிடக் கூட என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

அந்த 27 பேரின் வேலையை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்மிடையே கமெரா தூக்கும் இளையவர்கள் இன்று ஏராளம். அவர்களில் சிலர் தொழிலாகவும், சிலர் கலையாகவும் செய்கிறார்கள். "இந்த நகரத்தின் பெரிய கலைக்கூடத்துக்குள் எங்கள் படம் போகுமா" என்று அவர்கள் கேட்கும்போது, எங்கள் அமைப்புகளிடம் இருக்கும் ஒரே பதில் "ஒரு கண்காட்சி வைப்போம்" என்பதுதான். மண்டபம் எடுத்து, நாடா வெட்டி, குத்துவிளக்கேற்றி, இரண்டு நாளில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது. நல்ல விடயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது கலைக்கூடத்துக்குள் போகும் வழி அல்ல.

வணிகவியல் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: இலாப நட்டக் கணக்கு வேறு, ஐந்தொகை வேறு. ஒரு அருங்காட்சியகத்தில் கண்காட்சி என்பது இலாப நட்டக் கணக்கில் வருகிற விடயம். செலவழிக்கிறார்கள், சனம் வருகிறது, வருட முடிவில் கணக்கு மூடப்படுகிறது. சேகரிப்பு என்பது ஐந்தொகையில் நிற்பது. வருடா வருடம் அடுத்த வருடத்துக்குக் கொண்டு செல்லப்படுவது. (கனடாவின் இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கான கணக்கீட்டு நியமத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சேகரிப்பை வாங்கிய விலையில் காட்டலாம், அல்லது வெறும் பெயரளவுப் பெறுமதியில் காட்டலாம். கோடிக்கணக்கில் பெறுமதியான ஓவியங்களும் படங்களும் ஐந்தொகையில் ஒரு டொலர் என்று நிற்க முடியும்.) கண்காட்சி முடிந்த பிறகும் சேகரிப்பில் இருக்கும் படத்தை ஆய்வாளர் வந்து பார்ப்பார், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள், வேறு நகரத்துக்கு இரவல் கொடுப்பார்கள், இருபது வருடம் கழித்து இன்னொரு பொறுப்பாளர் எடுத்து வேறு ஒரு கதை சொல்லுவார். கரிபியன் சமூகம் காசு போட்டது இந்தப் பக்கத்தில். கண்காட்சி அதிலிருந்து தானாக வந்தது.

"எங்களிடம் அப்படி என்ன இருக்கிறது, அவர்கள் பெரிய கலைஞர்களின் படங்களை அல்லவா வைப்பார்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வைப்பார்கள்தான். ஒன்ராறியோ கலைக்கூடத்தில் சுமார் 70,000 ஒளிப்படங்கள் இருக்கின்றன. 2017 இல் டயான் ஆர்பஸ் எடுத்த 522 படங்களை ஒரேயடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு அவர்கள் சேர்த்துக்கொண்டதைப் பாருங்கள். ரொறன்ரோவில் வாழும் ஒளிப்படக் கலைஞர் ஸுன் லீ, அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் பழைய பொலரொய்ட் படங்களைப் பல வருடங்களாகத் தேடிச் சேர்த்திருந்தார். யாரோ எடுத்தவை, யாருடைய வீட்டிலிருந்தோ வெளியே போனவை. பிறந்தநாள் கேக், பட்டமளிப்பு, புதுக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பா, சோபாவில் தூங்கும் பிள்ளை. அப்படி 4,000 க்கு மேற்பட்ட படங்கள். 2018 இல் அவை கலைக்கூடத்துக்குள் போயின. 2022 இல் கண்காட்சியாக வந்தன. அதற்கு முன்பே 2017 இல் குயின்ஸ் பார்க்கில் உள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் குடும்பக் கமெரா என்ற பெயரில், இடம்பெயர்ந்து வந்த கனடியக் குடும்பங்களின் வீட்டுப் படங்களை அவர்களின் வாய்மொழிக் கதைகளோடு சேர்த்துக் காட்டியது.

ஆகவே, எங்கள் வீட்டு அல்பம் அருங்காட்சியகத்துக்குரிய பொருள்தானா என்ற கேள்விக்கு அருங்காட்சியகங்களே பதில் சொல்லிவிட்டன. படத்தை எடுத்தவரின் பெயர் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல யாராவது இருக்க வேண்டும்.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் எங்களிடமே இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கிரட் கமெரோன் 1875 இல் இலங்கைக்குக் குடிபோய், 1879 இல் அங்கேயே இறந்தவர். கணவருக்குத் தோட்டங்கள் இருந்தன. அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30 க்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. இவர்களுக்குப் பெயர் இல்லை. அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன், பிறகு 1890 இல் தொடங்கிய பிளாற்றே ஆகிய கொழும்பு ஸ்ரூடியோக்கள் தேயிலை கிள்ளும் தமிழ்ப் பெண்களைப் படமெடுத்து, கப்பலில் வரும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அல்பமாக விற்றன. அந்தப் படங்கள் இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடியில் "தமிழ்ப் பெண்" என்றோ "கூலிகள்" என்றோ எழுதியிருக்கும். மலையகத் தமிழரின் பூட்டியின் முகம் பத்திரமாக இருக்கிறது, பெயர் போய்விட்டது. மொன்ற்கோமரியின் சேகரிப்பிலும் இதே வகைப் படங்கள் நிறைய. கரும்புத் தோட்டம், சந்தை, பெயரற்ற பெண்கள். வெளியாள் ஒருவர் விற்பனைக்கு எடுத்த படங்களை, அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் நகரத்துக் கலைக்கூடத்தில் வைத்து, தாங்களே அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் அங்கே நடந்த பெரிய மாற்றம்.

கனடாவுக்கு வந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஓகஸ்ட் 11 இல் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் கண்டெடுக்கப்பட்டார்கள். 2009 மே 10 இல் கார்டினர் விரைவுச்சாலையில் எங்கள் சனம் ஏறி நின்றது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேர் மேற்குக் கரைக்கு வந்தார்கள். இந்த மூன்றையும் நினைத்தால் மனதில் வரும் படங்கள் அனேகமாகப் பத்திரிகைக்காரர் எடுத்தவை. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் பழைய படங்கள் ரொறன்ரோ பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுக்குக் கேடில்லை. அந்தப் படங்களில் நாங்கள் போர்வை போர்த்திய கூட்டம், கொடி பிடித்த கூட்டம், கப்பல் தட்டில் நிற்கும் கூட்டம். எப்போதும் கூட்டம்.

உள்ளே இருந்து எடுத்த படங்கள் எங்கே? சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுத்த காலத்துப் படம். முதல் பனியில், இரவல் வாங்கிய ஜக்கெற்றோடு, யாருடையதோ காரில் சாய்ந்து நின்று எடுத்து ஊருக்கு அனுப்பிய படம். (அந்தக் கார் யாருடையது என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.) உணவகத்தில் கோப்பை கழுவும் இடத்தில் வெள்ளை ஏப்ரனோடு நிற்கும் படம் ஊருக்குப் போகாது, அது இங்கேயே பெட்டிக்குள் கிடக்கும். முதல் கோயில் வாடகைக்கு எடுத்த பண்டகசாலையில் இருந்தபோது எடுத்தது, முதல் தமிழ்க்கடை, முதல் தமிழ்ப் பாடசாலை வகுப்பு. இவை எல்லாம் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் வீடுகளின் நிலவறைகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

எங்களுக்கு இது ஏன் மற்றவர்களைவிட அவசரம் என்றால், ஒருமுறை இழந்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. சோதனைச்சாவடிக்குப் பயந்து பிள்ளைகளின் படங்களை அடுப்பில் போட்ட தாய்மார் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அல்பத்தை விட்டு அரிசியைத் தூக்கினார்கள். வன்னியில் 2009 இல் அதுவும் இல்லை. நான் அகதியாக வந்தபோது பையில் இருந்தவை மூன்று படங்கள், மூன்றும் கடவுச்சீட்டு அளவு. ஆக, இங்கே வந்த பிறகு எடுத்தவையும், ஊரிலிருந்து தபாலில் வந்து தப்பியவையும்தான் எங்கள் கையிருப்பு. அந்தக் கையிருப்பு தேய்ந்துகொண்டு போகிறது. எழுபது, எண்பது, தொண்ணூறுகளின் வண்ணப் படங்களில் சாயம் தானாகவே மங்கும், வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். நாங்கள் எல்லோரும் வாங்கிய, பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்ரிக் மூடும் அல்பம் இருக்கிறதே, அது படத்துக்கு நஞ்சு. வீட்டில் பெரியவர் இறந்து, வீட்டை விற்கும்போது, குப்பைத் தொட்டிக்கு முதலில் போவதும் அந்த அல்பம்தான். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு அதில் இருப்பவர்கள் யார் என்று தெரியாது.

"அதை ஏன் வெள்ளைக்காரனின் கலைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எங்களுக்கென்று இடம் இல்லையா" என்பது நியாயமான கேள்வி. எங்களால் முடியாதது அல்ல. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 3 மில்லியன் டொலர் திரட்டியவர்கள் நாங்கள். ஸ்ரெயின்ஸ் வீதியில் வரவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து சுமார் 26 மில்லியன் டொலர் அறிவித்தன. 2025 மே மாதம் பிரம்டனில் இனப்படுகொலை நினைவுத்தூபி திறந்தோம். 2005 முதல் நூலகம் நிறுவனம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது, படங்களையும் ஏற்கிறது.

இதில் என் அபிப்பிராயம் இது. எண்ணிமப் பிரதி நூலகத்துக்குப் போகட்டும், எல்லோரும் பார்க்கட்டும். மூலப்படமும் பிலிமும் வேறு விடயம். அவற்றுக்குக் குளிர்ந்த, ஈரம் கட்டுப்படுத்திய அறை வேண்டும், அமிலமற்ற உறைகள் வேண்டும், அந்த வேலைக்குப் படித்த ஒரு ஆள் சம்பளத்துக்கு வேண்டும், அதுவும் வருடக் கணக்கில் அல்ல, என்றென்றைக்கும். கட்டடம் கட்ட நன்கொடை சேரும், திறப்புவிழாவில் பெயர்ப்பலகை வைக்கலாம். குளிரூட்டியின் மின்கட்டணத்துக்கு ஒருவரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. சமூக மையத்தில் அப்படி ஒரு அறை வேண்டுமென்றால் அதை வரைபடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், நடத்தும் செலவுக்கு ஒரு தனி நிதி ஒதுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஏற்கெனவே அந்த அறைகள் இருக்கும் நிறுவனங்களோடு பேசுவதுதான் புத்தி.

பேசும்போது கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. கொடுப்பது நன்கொடைப் பத்திரத்தில் எழுதப்படும். அதில் நிபந்தனை போடலாம். குறிப்பாக, ஊரில் இன்னும் உறவுகள் இருக்கும் குடும்பங்கள், போர்க்காலப் படங்களில் உள்ள முகங்கள் குறித்து இத்தனை வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று கேட்க வேண்டும், அல்லது அந்தப் படத்தைக் கொடுக்காமலே விட வேண்டும். யாருடைய முகத்துக்கும் நாங்கள் உரிமையாளர் அல்ல. அடுத்தது வரி. பொருளாகக் கொடுத்தால் சந்தைப் பெறுமதிக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கும், 1,000 டொலருக்கு மேற்பட்டால் சுயாதீன மதிப்பீடு எடுப்பது நல்லது. ஆனால் வாங்கி மூன்று வருடத்துக்குள் கொடுத்தால் பொதுவாக வாங்கிய விலைதான் கணக்கு. குடும்ப அல்பத்துக்குச் சந்தைப் பெறுமதி பெரிதாக வராது. வரிக்காக இதைச் செய்யாதீர்கள். அருங்காட்சியக நன்கொடையை வரி மிச்சத்துக்கான தந்திரமாகச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இனி, இளைய ஒளிப்படக் கலைஞர்களின் பக்கம். ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டுச் சுவரில் இடம் பெற முடியாது. அங்குள்ள பொறுப்பாளர்கள் வெளியே போய்ப் பார்த்துத்தான் கலைஞர்களைத் தெரிவு செய்கிறார்கள். அவர்கள் பார்க்கும் இடங்கள் எவை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரிச்மன்ட் வீதி மேற்கு 401 ஆம் இலக்கக் கட்டடத்தில் 1979 இல் தொடங்கிய கலரி 44 இருக்கிறது. கலைஞர்களே நடத்துவது. இருட்டறையும் கருவிகளும் வாடகைக்கு எடுக்கலாம், கண்காட்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதே கட்டடத்தில் தெற்காசியக் கலைஞர்களுக்கென 1993 இல் உருவான சவாக் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இதன் பெயரே தெரியாது என்பது கவலை. ஸ்காபரோ வளாகத்திலேயே டொரிஸ் மக்கார்த்தி கலரி 2004 முதல் இயங்குகிறது. எங்கள் வீடுகளிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். 1997 முதல் ஒவ்வொரு மே மாதமும் நகரம் முழுக்க நடக்கும் கொன்ராக்ட் ஒளிப்பட விழாவும் உண்டு. அதில் தெரிவுக்குழு தேர்ந்தெடுக்கும் கண்காட்சிகளும் உண்டு, கட்டணம் கட்டிப் பதிந்து தாங்களே இடம் பிடித்து நடத்துபவையும் உண்டு. இரண்டாவதுக்குக் காசு கட்டும் முன் யோசியுங்கள். இடம், சட்டம், அச்சு எல்லாம் உங்கள் செலவு. விழாவின் பெயர் கிடைக்கும், பார்வையாளர் கிடைப்பார் என்பது நிச்சயமில்லை.

பரிசுகளை நம்பித் திட்டமிட முடியாது. இதே கலைக்கூடம் 2008 இல் 50,000 டொலர் பெறுமதியான கிரேஞ்ச் பரிசைத் தொடங்கியது. பொதுமக்கள் வாக்களித்து வெற்றியாளரைத் தெரிவு செய்யும் முறை. 2011 இல் கனடாவோடு இந்தியா கூட்டு நாடாக இருந்தபோது டெல்லிக் கலைஞர் கௌரி கில் வென்றார். அந்தப் பரிசு பின்னர் அனுசரணையாளரின் பெயருக்கு மாறி, சில வருடங்கள் நடந்து, இப்போது இல்லை. அனுசரணையாளரின் காசில் நிற்கும் வாய்ப்பு அப்படித்தான். அதைவிட ரொறன்ரோக் கலைகள் அவை, ஒன்ராறியோக் கலைகள் அவை, கனடாக் கலைகள் அவை என்ற மூன்று படிகளின் மானியங்கள் உறுதியானவை. நகரத்திலிருந்து தொடங்குவது சுலபம். கிடைத்தால் அது வருமானமாகவே வரிப்பத்திரத்தில் வரும் என்பதை மறக்க வேண்டாம். எதிராகக் கழிக்கக்கூடிய செலவுகளின் பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டியிலாவது போட்டு வையுங்கள். நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. பதிய வேண்டும். படமெடுக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத் தாண்டிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

படிப்பதற்குக் காசு தேவையில்லை. ஒன்ராறியோ கலைக்கூடம் 2019 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கும் இலவச நேரங்கள் உண்டு. அங்கே அச்சுப்பிரதிகளுக்கும் வரைபடங்களுக்குமான ஒரு ஆய்வு அறை உண்டு. முன்கூட்டிக் கேட்டால், சுவரில் தொங்காத மூலப்படங்களை எடுத்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். கைத்தொலைபேசித் திரையில் ஆயிரம் படம் பார்ப்பதும், ஒரு நல்ல அச்சைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

எங்கள் அமைப்புகளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் விழாவில் படம் வைக்கும் பிள்ளைக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? கனடாவில் கலைஞர்கள் 1968 இல் கார்பாக் என்ற சங்கத்தை அமைத்துப் போராடியதன் பலனாக, கண்காட்சிக்கு வைக்கும் படைப்புக்குக் கட்டணம் கொடுக்கும் வழக்கம் வந்தது. 1988 இல் பதிப்புரிமைச் சட்டத்திலேயே கண்காட்சி உரிமை சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு யூன் 7 க்குப் பிறகு படைத்த ஒன்றை, விற்பனைக்கோ வாடகைக்கோ அல்லாமல் பொது இடத்தில் காட்டுவதற்குக் கலைஞரின் அனுமதி வேண்டும். சங்கம் வருடாவருடம் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. எங்களிடம் நடப்பது என்ன? "உமக்கு நல்ல விளம்பரம் தம்பி" என்று சொல்லிப் படத்தையும் வாங்கி, சட்டம் போடும் காசையும் அவன் தலையில் கட்டுவது. தவில் நாதஸ்வரத்துக்குக் கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறோம். படத்துக்கு மட்டும் விளம்பரம் சம்பளமாகிறது. இருபது வயதுப் பிள்ளை இரண்டு முறை இப்படிச் செய்வான், மூன்றாம் முறை கமெராவை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவான்.

கடைசியாக, கலைஞர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கலியாண வீட்டு ஸ்ரூடியோக்காரர்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு சனி ஞாயிறும் எங்கள் கலியாணம், சாமத்தியம், அரங்கேற்றம், அந்தியேட்டி எல்லாவற்றையும் எடுத்தவர்கள். கனடாத் தமிழரின் மிகப் பெரிய ஒளிப்பட ஆவணம் எந்தக் கலைக்கூடத்திலும் இல்லை, இவர்களின் பிலிம் பெட்டிகளிலும் வன்தட்டுகளிலும் இருக்கிறது. சிலர் கடையை மூடிவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். பெட்டிகள் எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. கனடாவில் 2012 நவம்பர் 7 வரை, காசு கொடுத்து எடுப்பித்த படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுப்பித்தவருக்கே உரியது. அதற்குப் பிறகு எடுத்தவருக்கு. எடுப்பித்த குடும்பம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். ஆகவே 1994 இல் இங்கே நடந்த கலியாணப் படத்தின் உரிமை அனேகமாகக் குடும்பத்திடம், பிலிம் ஸ்ரூடியோவிடம். 2015 இல் நடந்ததன் உரிமை ஸ்ரூடியோவிடம், படமும் அல்பமும் குடும்பத்திடம். 2022 முடிவிலிருந்து இந்த உரிமை படமெடுத்தவர் இறந்து 70 வருடம் வரை நீளும். ஸ்ரூடியோ உரிமையாளர் ஒருவர் தன் முழுச் சேகரிப்பையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பினாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சம்மதம் தேவைப்படலாம். இதைத் தீர்க்கச் சட்டத்தரணி தேவையில்லை. இன்று எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும்: ஸ்ரூடியோ மூடப்பட்டால் படங்கள் ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா, எத்தனை வருடம் கழித்துத் திறக்கலாம். பழைய குடும்பங்களுக்கு ஒரு பக்கக் கடிதம். ஸ்ரூடியோக்காரர்கள் ஒன்றுகூடி ஒரே மாதிரிக் கடிதம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அருங்காட்சியகத்தில் எந்தப் படத்தைக் கொண்டுபோனாலும் முதலில் கேட்பது படத்தில் இருப்பவர் யார், எங்கே, எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்ற நான்கையும்தான். இந்த வாரம் அம்மாவோடோ பெரியம்மாவோடோ இருந்து கேட்கலாம். பசை அல்பத்திலிருந்து படம் சுலபமாகக் கழன்றால் எடுங்கள், ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், அப்படியே பக்கத்தோடு ஸ்கான் செய்யுங்கள். பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். வழுக்கும் பிளாஸ்ரிக் முதுகுள்ள படம் என்றால் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதி உள்ளே வையுங்கள். குமிழ்முனைப் பேனை வேண்டாம், அதன் தடம் முகத்தின் பக்கம் தெரியும்.